கண்மாய்க்கு என்ன தருவீர்கள்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த கண்மாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவை பாய்ச்சும் வயலின் விளைச்சலைக் கணக்கிடலாம். மீன் குத்தகை எவ்வளவு என்று ஊரே சொல்லும். ஆனால் கண்மாய் நிறைந்தால் கிணறுகளில் ஊறும் தண்ணீர், ஆடு மாடுகள் குடிக்கும் தண்ணீர், கரை மரங்களில் வந்தடையும் பறவைகள் இவற்றுக்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை. விலை இல்லாததாலேயே திட்டக் கணக்குகளில் இவை விடுபட்டுப் போகின்றன.

இதற்குப் பொருளியலாளர்கள் கண்ட வழி, மக்களையே கேட்பது. "இதைக் காப்பாற்ற உங்கள் குடும்பம் எவ்வளவு தரும்?" மும்பை போரிவலி தேசியப் பூங்காவுக்காக இப்படிக் கேட்டார்கள். குடும்பத்துக்கு மாதம் சராசரியாக ஏழரை ரூபாய் என்று 1997-இல் வெளியான ஆய்வு சொன்னது.

வாயால் சொல்வதை நம்பலாமா? 1989-இல் அலாஸ்கா கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போகும் விவகாரமானது. நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு, இப்படிக் கேட்பதற்கு 1993-இல் விதிகள் வகுத்தது. நேரில் போய்க் கேட்க வேண்டும். ஒரு தொகையைச் சொல்லி, அதற்குச் சம்மதித்து வாக்களிப்பீர்களா என்று கேட்க வேண்டும். அந்தப் பணம் போனால் வீட்டில் வேறு செலவு குறையும் என்பதை நினைவூட்ட வேண்டும்.

நல்ல விதிகள்தான். ஆனால் நம் ஊருக்கு அவை போதாது. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் ரூபாயில் கேட்டால் "இல்லை" என்பார். அதே கண்மாயைத் தூர்வார இரண்டு நாள் வருவீர்களா என்றால் மண்வெட்டியோடு வருவார். நீர்நிலைகளை ஊராரே சேர்ந்து பராமரிக்கும் குடிமராமத்துத் திட்டம் 2017-இல் மீண்டும் வந்தபோது, பாசனதாரர்கள் தங்கள் 10 சதவீதப் பங்கை உழைப்பாகவும் தரலாம் என்று வைத்தார்கள். அது சரியான முறை. ரூபாயில் மட்டும் கேட்கும் ஆய்வு, ஏழையின் அக்கறையைக் குறைத்தே அளக்கும்.

இன்னொன்று. "வரி கட்டுகிறோம், அரசுதான் செய்ய வேண்டும்" என்பவர் தரும் தொகை பூஜ்யம் என்று எழுதிவிடக் கூடாது. அவர் கண்மாயை மறுக்கவில்லை, பணம் கேட்கும் முறையைத்தான் மறுக்கிறார்.

நேயர்களே, உங்கள் வீட்டுக்கு யாராவது இப்படிக் கேள்வித்தாளோடு வந்தால், வாய்க்கு வந்த தொகையைச் சொல்லாதீர்கள். உண்மையில் கொடுக்கக்கூடியதைச் சொல்லுங்கள். பணம் முடியாதென்றால், எத்தனை நாள் வேலைக்கு வருவீர்கள் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.