லாரிக் கணக்கும் வகுப்பறைக் கணக்கும்

(புதுக்கோட்டையில் ஆசிரியர்களுக்கான சாலைப் பாதுகாப்புப் பயிற்சியில் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பாதுகாப்பு என்றால் ஹெல்மெட், சிக்னல், ஜீப்ரா கோடு என்று பேசுவது வழக்கம். அவற்றை என்னைவிட நன்றாக நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறீர்கள். எனவே நான் என் அன்றாட வேலையைப் பற்றியே பேசுகிறேன். சரக்கு லாரிகளைப் பதிவு செய்வது, தகுதி பார்ப்பது, சாலையில் சோதிப்பது என்பதுதான் அந்த வேலை. இதற்கும் உங்கள் வகுப்பறைக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

நம் மாவட்டப் பதிவெண் டி.என். 55 என்று தொடங்கும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருந்தால் அது வாடகைக்கு ஓடும் வண்டி. அப்படிப்பட்ட ஒரு லாரி சாலைக்கு வர ஆறு தாள்கள் வேண்டும்: ஆர்.சி., எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது. நம் ஊர்க் குவாரிகளிலிருந்து கல்லோ ஜல்லியோ ஏற்றினால் கனிமத் துறையின் நடைச்சீட்டும் சேர்ந்துகொள்ளும். புது லாரிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்குப் பிறகு ஆண்டுதோறும். பிரேக், ஸ்டீயரிங், டயர், விளக்கு, பின்புறம் ஒளிரும் பட்டை எல்லாவற்றையும் அப்போது பார்ப்போம்.

சாலையில் நிறுத்தித் தாள்களைக் கேட்டால், ஓட்டுநர்கள் பலர் ஒரு பிளாஸ்டிக் கவரை அப்படியே நீட்டுவார்கள். "எல்லாம் இதுல இருக்கு சார், முதலாளி குடுத்தது" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் எஃப்.சி. காலாவதியாகியிருக்கும். தேதி அதிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் அதை எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தன் உயிரையும் பிறர் உயிரையும் பொறுத்த தாளை அவர் படிக்காமலே சுமந்து வருகிறார்.

இரண்டாவது சிக்கல் எடை. இதைக் கணக்காகவே சொல்கிறேன். நாளையே வகுப்பில் பயன்படுத்தலாம். நம் ஊரில் எம்-சாண்டை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அதன் எடை ஏறத்தாழ 4.5 டன். இரண்டு அச்சு கொண்ட ஆறு சக்கர லாரி, சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம் என்பது 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பு. வெறும் வண்டி 8 டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு யூனிட் ஏற்றினால் 17 டன், சட்டத்துக்குள் இருக்கிறது. மூன்று யூனிட் ஏற்றினால் 21.5 டன், வரம்புக்கு மேல் 3 டன். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆக 26,000 ரூபாய். கூடுதல் சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும். ஏற்றச் சொன்னவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் இந்தப் பிரிவில் வருவார்.

அபராதத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அச்சின் மீது விழும் எடைக்கும் சாலை கெடுவதற்கும் உள்ள உறவு ஏறத்தாழ நான்காம் அடுக்கு என்று சாலைப் பொறியாளர்கள் சொல்கிறார்கள். எடை 20 சதவீதம் கூடினால் 1.2-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்; விடை 2.07. அதாவது சேதம் இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் பள்ளிக்கு முன்னால் உள்ள சாலை ஏன் சீக்கிரம் பெயர்கிறது என்பதற்கு அடுக்குக்குறிப் பாடத்திலேயே ஒரு காரணம் கிடைக்கும்.

வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே ஒரு வகுப்பறைக் கட்டட நீளம் போய்விடும். அந்த பிரேக் 18.5 டன்னுக்காக அமைக்கப்பட்டது, 21.5 டன்னுக்காக அல்ல. 2023 டிசம்பர் 30 அன்று நமணசமுத்திரத்தில் சிமென்ட் லாரி ஒன்று சாலையோரத் தேநீர்க் கடைக்குள் புகுந்து, யாத்திரை வந்த ஐந்து பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. கனரக வண்டி கட்டுப்பாடு இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

எழுத்தறிவு சாலையோடும் குவாரியோடும் சேர்ந்தே வளரும் என்பதை இந்த மாவட்டம் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் நம் ஊர்ப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றார்கள். அதே காலத்தில் கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகள் குத்தகைக்குத் தரப்பட்டன. குத்தகை எடுத்தவருக்கு எத்தனை லோடு போனது, எவ்வளவு வர வேண்டும் என்று எழுதத் தெரிய வேண்டும். அவர்களுக்கு எழுத்து பிழைப்புக்கான கருவியாக இருந்தது. உங்களில் சிலர் அந்த வகுப்புகளில் தொண்டராக இருந்திருக்கலாம்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. சரக்கு வண்டி ஓட்டுவதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2019-இல் அது நீக்கப்பட்டது. பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும் வண்டி ஓட்டும் திறமை உள்ளவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்பது நோக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இனிமேல் ஓட்டுநருக்குப் படிக்கத் தெரியுமா என்று சட்டம் கேட்காது. அதைப் பார்க்க வேண்டிய கடைசி இடம் உங்கள் வகுப்பறைதான். சரக்கு வண்டிக்கு உரிமம் பெறும் வயது 20. இன்று உங்கள் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர் ஏழே ஆண்டில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கலாம்.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதியைப் பழக்குங்கள்: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உன்னைத் தெரியாது. நிற்கும் லாரியின் முன்னாலும் பின்னாலும் ஒட்டி நடக்கக் கூடாது.

நடுநிலை வகுப்புகளில் ஓர் ஆர்.சி. நகலை, பெயரையும் முகவரியையும் மறைத்து, வாசிப்புப் பயிற்சிக்குக் கொடுங்கள். வெற்று எடை எது, மொத்த எடை எது, செல்லுபடியாகும் தேதி எது என்று தேடட்டும்.

உயர்நிலை மாணவர்களிடம் சட்டத்தைச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டியவருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

நான்காவது, பாடப்புத்தகத்தில் இல்லாதது. "மூணு யூனிட் ஏத்து" என்று முதலாளி சொல்லும்போது, "ரெண்டுக்கு மேல தாங்காதுண்ணே, ஆர்.சி.யில போட்டிருக்கு" என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் எளிதில் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தாளைக் கையில் எடுத்து, எண்ணைச் சுட்டிக் காட்டிப் பேசத் தெரிந்தவரின் சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கிறது. அந்த எண்ணைப் படிக்க நீங்கள்தான் கற்றுத் தருகிறீர்கள்.

நாங்கள் சாலையில் நிறுத்திப் பார்ப்பது சில லாரிகளைத்தான். நீங்கள் பார்ப்பது நாளை அவற்றை ஓட்டப்போகிற எல்லாப் பிள்ளைகளையும்.