பசியும் ஒரு கருவிதான்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் மதிய அமர்வில் ஆற்றிய உரை)



வடை பாயசத்தோடு விருந்து போட்டுவிட்டு, கை கழுவி வந்ததும் "உடல் எடையைப் பற்றிப் பேசுப்பா" என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார் நம் செயலாளர். பயப்படாதீர்கள், சாப்பிட்டவர்களைத் திட்டும் உத்தேசம் எனக்கில்லை. நான் மருத்துவன் அல்லன். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆள். பசியையும் ஒரு கருவியாக வைத்துத்தான் எனக்குப் பேச வரும்.

முதலில், இந்தப் பேச்சு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் செட்டில் ஒருவன் 34 வயதில் மாரடைப்பில் போய்விட்டான். எடைதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் அவனுக்குச் சர்க்கரை இருந்தது என்பதே ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. அவன் குண்டும் இல்லை; கொஞ்சம் தொப்பை, அவ்வளவுதான்.

அந்தக் கொஞ்சம் தொப்பையில்தான் விஷயம் இருக்கிறது. 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு கணக்குக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! அதனால்தான் இந்தியர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது.

சரி, குறைத்துச் சாப்பிட்டால் போச்சு என்பீர்கள். அங்கேதான் சிக்கல். "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று நாம் ஒருவரை ஒருவர் கேலி செய்கிறோம். பசி வாயில் இல்லை ஐயா, ரத்தத்தில் ஓடுகிறது. கொழுப்பு செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-இல் கண்டுபிடித்தார்கள். "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அது. இரைப்பை சுரக்கும் கிரெலின் 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. "சாப்பாட்டு நேரம் ஆச்சு" என்று மணியடிப்பது அது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் வேளையை அது கற்று வைத்திருக்கிறது. அந்த வேளையில் ஏறும். சாப்பிடாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே இறங்கும். தினமும் நாலு மணிக்குப் பஜ்ஜி சாப்பிடுகிறவருக்கு நாலு மணிக்குப் பசிப்பது இதனால்தான்.

வயிறு நிறைந்த சேதி மூளையில் முழுதாகப் பதிய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிறது. கன்ட்ரோல் லேபில் நாம் படித்த டெட் டைம் நினைவிருக்கிறதா? தாமதம் உள்ள அமைப்பில் வால்வை மளமளவென்று திறந்தால் என்ன ஆகும்? அளவு காட்டுவதற்குள் தொட்டி வழிந்துவிடும். விடுதி மெஸ்ஸில் ஏழு நிமிடத்தில் மூன்று சாதம் சாப்பிட்டு எழுந்த கதையும் இதுதான். இதற்கு மனவுறுதி எதற்கு? வால்வைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும், பொறுத்திருந்து அளவு பார்க்க வேண்டும். முதல் சாதம் முடிந்ததும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள். பாதி நாள் வேண்டியிருக்காது.

இரண்டாவது, பட்டினி. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண்களை ஆறு மாதம் ஏறத்தாழ அரை வயிற்றுச் சாப்பாட்டில் வைத்துப் பார்த்தார். எடையில் சுமார் கால் பங்கு போயிற்று. கூடவே சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பும் போயிற்று. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்களாம்! 2011-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடம்பு தன் பழைய எடையைக் காக்கப் போராடுகிறது. ஆகவே "ஒரே மாதத்தில் பத்துக் கிலோ" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். எனக்குக் கம்பெனி மெடிக்கலில் மூணு மாச சர்க்கரை 6.1 என்று வந்தது. நீரிழிவுக்கு முந்தைய படி அது. மாதம் முக்கால் கிலோ கணக்கில் ஒரு வருடத்தில் எட்டுக் கிலோவுக்கு மேல் குறைந்தது. இப்போது 5.6-இல் நிற்கிறது.

மூன்றாவது, எதைச் சாப்பிடுகிறோம் என்பது. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளைச் சம கலோரி அளவில் கொடுத்து, எது அதிகம் பசி தாங்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்றால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் ஊறிய குரோசான் ரொட்டிக்கு 47! 2019-இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துச் சோதித்தார்கள். பாக்கெட் உணவு கொடுத்த இரண்டு வாரம், வீட்டுச் சமையல் போன்ற உணவு கொடுத்த இரண்டு வாரத்தைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போயிற்று. வேண்டுமளவு சாப்பிடலாம் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றுதான்.

நம் இலையைப் பாருங்கள். இந்தியர்களின் உணவுச் சக்தியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-இல் ஓர் ஆய்வு சொன்னது. சோற்றை விடச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். பொரியல், கூட்டு, பருப்பு, முட்டை, மீன் முதலில், சோறு பிறகு. சாயங்காலம் பஜ்ஜி இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டல். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாளுக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நல்லது என்று சொல்லும் அளவு 25 கிராம். ஆக, டீக்கடையிலேயே இரண்டு நாள் கோட்டா முடிந்துவிடுகிறது!

தம்பி தங்கைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. 2004-இல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தார்கள். லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியது. பரீட்சை சமயத்தில் இரவு இரண்டு மணிக்குப் பரோட்டா ஆசை வருவது உங்கள் குற்றமல்ல, தூக்கக் கடன். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு இரவில் அதற்கும் சேர்த்துச் சாப்பிடும் பழக்கமும் வேண்டாம். ஒல்லியாக இருப்பவர்கள் அழகுக்காகப் பட்டினி கிடக்கவே கூடாது.

வீட்டிலும் விருந்திலும் "எனக்காக இன்னும் ஒரு கரண்டி" என்பார்கள். அது அன்பு. "வேண்டாம்" என்றால் முகம் வாடும். "நல்லா இருக்கு, கொஞ்சம் பொறுத்துப் போட்டுக்கிறேன் அத்தை" என்று சொல்லிப் பாருங்கள், இருவருக்கும் மரியாதை. அதேபோல, பழைய நண்பனைப் பார்த்ததும் "என்னடா, எத்தனை மாசம்?" என்று வயிற்றைத் தட்டுவதை நாம் நிறுத்துவோம். எடை குறைக்கும் புதிய ஊசிகள் 2025-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. அவை முக்கியமாகப் பசியைத்தான் அடக்குகின்றன. ஒரு ஊசியால் அடங்குவது ஒழுக்கக்கேடாக இருக்க முடியுமா? ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உணவு அளவை மாற்றுமுன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னே உண்டது செரித்த பிறகே உண்ணச் சொன்ன வள்ளுவர், அதை வைத்த அதிகாரத்துக்கு 'மருந்து' என்று பெயரிட்டார். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். விடுதியில் மாலை ஐந்து மணிக்குச் சுண்டல் போட நாம் நிதி கொடுப்போம். அடுத்த சந்திப்பில் பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஒரு மேசை போடுவோம். பேட்ஜ் குத்திக்கொள்ளும் முன் விரலில் ஒரு குத்து. எங்கள் நண்பனுக்கு யாராவது ஐந்து வருடம் முன்னால் அதைச் செய்திருந்தால் என்று நாங்கள் நினைக்காத நாளில்லை.