வாங்குவோர் கையில் வாழும் தறி

பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் உள்ளது தாக்கிலே தீவு. அங்கே பெண்கள் தறியில் நெய்கிறார்கள். ஆண்கள் ஊசியால் தொப்பி பின்னுகிறார்கள். அகன்ற இடுப்புப் பட்டையில் ஆண்டு முழுவதுக்குமான உழவுப் பணிகளும் சடங்குகளும் சித்திரங்களாகின்றன. அதுவே அவர்களின் நாட்காட்டி! 2005-இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது.

சுற்றுப்பயணிகள் இக்கலையை வாழவைக்கிறார்களா, வீழ்த்துகிறார்களா? இரண்டும் உண்மை. அவர்கள் வாங்குவதால்தான் தறி ஓடுகிறது. ஆனால், அவர்கள் மலிவைத் தேடினால் கம்பளி நூலின் இடத்தைச் செயற்கை இழை பிடிக்கிறது. சித்திரத்தின் பொருளும் மங்குகிறது.

கஸ்கோ நகரில் 1996-இல் நில்டா கல்யனாவ்பா தொடங்கிய நெசவு மையம் வேறு வழி காட்டியது. மூத்தோர் இளையோருக்குக் கற்பிக்கிறார்கள். பூச்சியிலிருந்தும் செடியிலிருந்தும் சாயம் எடுக்கிறார்கள்.

ஒரு போர்வைக்குப் பேரம் பேசும்போது குறைவது காசு மட்டுமல்ல. நெசவாளியின் மகள் தறியில் அமரும் ஆசையும்தான்.