ஆஸ்பத்திரி வேலைக்கு நம் பிள்ளைகள்: காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

(இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவுத் தலைவிகள் கூட்டத்தில் ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



போன வருடம் எங்கள் தோட்டத்துப் பாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கிளினிக் வரிசையில் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். உள்ளே பாட்டி, "நெஞ்சு அடைக்குது, இடது கை இழுக்குது" என்று தமிழில் சொல்கிறார். எதிரே இருந்தவருக்கு விளங்கவில்லை. "கையா, கையில் வலியா?" என்று சிங்களத்தில் கேட்கிறார். பாட்டியும் தலையை ஆட்டுகிறார். கைவலி மாத்திரையோடு திரும்பியிருக்க வேண்டியவர். அந்த நேரம் தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பிள்ளை நின்று, பாட்டி சொன்னதை முழுசாகச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பாட்டி இன்றைக்கும் இருக்கிறார்.

அந்தப் பிள்ளை டாக்டரும் இல்லை, தாதியும் இல்லை. உதவியாளர். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திய பால்வெட்டுத் தொழிலாளியின் மகள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வேலையைப் பற்றித்தான்.

உதவியாளர் வேலையில் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று நோயாளியின் பக்கத்தில் நின்று செய்வது: காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் பார்த்து எழுதுவது, எழும்ப முடியாதவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைப்பது, கிருமித் தொற்றுள்ள கழிவை மஞ்சள் பையில் பிரித்துப் போடுவது. மற்றது மேசைப் பக்கம்: நோயாளியைப் பதிவது, நம்பர் கொடுப்பது, கிளினிக் கொப்பியையும் கோப்புகளையும் ஒழுங்கில் வைப்பது, கணினியில் விவரம் ஏற்றுவது. தனியார் ஆஸ்பத்திரி, சனல் சென்டர், ஆய்வுகூடம், முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் வேண்டும்.

இது நமக்குப் புது வேலையா? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்துக்குத் தோட்டத்தைப் பொறுப்பாக்கியது. அப்படி வந்தவைதான் நம் டிஸ்பென்சரிகள். ஆனால் லயத்தில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவரைப் பார்த்தது யார்? பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் வார்த்தது யார்? நம் அம்மாமார்தான். அதற்குப் பேர் போட்டதும் இல்லை, சம்பளம் கொடுத்ததும் இல்லை. அதே வேலையைப் படித்து, சான்றிதழோடு செய்தால் அது ஒரு தொழில்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் படிப்பித்த ஒரு பிள்ளை. அவளுடைய அம்மா கம்மலையும் சங்கிலியையும் அடகு வைத்து, டவுனில் ஒரு இடத்தில் "நர்சிங் கோர்ஸ்" என்று காசு கட்டினார். ஆறு மாதம் பஸ்ஸில் போய்வந்தாள். வெள்ளை உடுப்பு, தொப்பி, பட்டமளிப்பு, படம் எல்லாம் உண்டு. சான்றிதழைக் கொண்டு வேலைக்குப் போனால், "இதற்கு என்.வி.கியூ. இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். நகை இன்னும் அடகில் இருக்கிறது. அந்தச் சான்றிதழை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. சேருவதற்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது. அதனால்தான் பிறகு தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, தாதி வேறு, தாதி உதவியாளர் வேறு. அரசாங்கத் தாதியாவதற்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் சித்தியடைய வேண்டும். நம் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்கான போராட்டம் தனி, அதை விடப் போவதில்லை. ஆனால் ஆறு மாதத்தில் உங்கள் பிள்ளையைத் தாதியாக்குகிறோம் என்று யார் சொன்னாலும் அது பொய்.

இரண்டாவது, என்.வி.கியூ. என்பது தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். உதவியாளர், பராமரிப்பாளர் வேலைகளுக்குப் பெரும்பாலும் 3ஆம், 4ஆம் மட்டங்களைத்தான் கேட்கிறார்கள். இதில் எழுத்துப் பரீட்சை மட்டும் போதாது. வேலையைச் செய்து காட்ட வேண்டும். மட்டம் ஏற ஏறப் படிப்பும் தொடரலாம், கதவு மூடாது.

மூன்றாவது, காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய நாலு கேள்வி. எழுதிக்கொள்ளுங்கள்.

1. இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா? பதிவு இலக்கம் என்ன?

2. நிறுவனம் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் இருக்கிறதா, எத்தனையாம் மட்டம்? நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பதிவைக் காட்டி அங்கீகாரம் போலப் பேசுவார்கள்.

3. வாட்டில் நின்று பழகும் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம்?

4. மொத்தச் செலவு எவ்வளவு? உடுப்பு, பரீட்சை, சான்றிதழ் என்று பிறகு கேட்கும் காசையும் சேர்த்து எழுத்தில் தாருங்கள்.

இந்த நாலுக்கும் எழுத்தில் பதில் தராத இடத்தில் ஒரு சதமும் கட்ட வேண்டாம். தனியாரிடம் போவதற்கு முன் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும், நைட்டா என்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். வழி காட்டுவது அவருடைய கடமை. தமிழில் எழுதிக் கொடுத்துத் தமிழில் பதில் கேட்கலாம். சப்ரகமுவயில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும் அந்த உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது.

இன்னொன்று. பிள்ளைமடுவத்திலும் டிஸ்பென்சரியிலும் பத்து, பதினைந்து வருடமாக வேலை செய்யும் அக்காமார் இங்கே இருக்கிறீர்கள். "எங்களுக்கு என்ன படிப்பு" என்று ஒதுங்க வேண்டாம். வேலை செய்து கற்றதையே மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் முறை இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பேர். வகுப்பில் உட்காரத் தேவையில்லை. வேலை செய்த ஆதாரம் வேண்டும், மதிப்பிடுபவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அந்த ஆதாரக் கடிதத்தைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கித் தருவது சங்கத்தின் வேலை.

பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. நாம் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழ்கிறோம். நீங்கள் இரண்டு மொழியும் பேசுகிறீர்கள். ஆனால் பலருக்குச் சிங்களம் எழுத வராது. வாட்டில் எழுத வேண்டும். இன்றைக்கே தொடங்குங்கள். இரத்தினபுரியில் எலிக்காய்ச்சல் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கே இறங்கினார், எத்தனை நாளாச்சு என்ற இரண்டு கேள்வியைத் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுதத் தெரிந்தவர் அங்கே இருந்தால் ஓர் உயிர் தப்பும்.

அடுத்தது, வாயடக்கம். நம் லயத்தில் ஒரு வீட்டுச் சங்கதி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவதற்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். ஆஸ்பத்திரியில் யாருக்கு என்ன நோய் என்று பார்த்ததை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னால் பிறகு நம் ஆட்களே உங்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள்.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம் கேளுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். "டிரெயினிங் தானே" என்று வருடக்கணக்கில் கைச்செலவுக் காசோடு வைத்திருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். வெள்ளை உடுப்புப் போட்டவரும் தொழிலாளிதான்.

தலைவர்மாரே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் இரண்டு பட்டியல் கொண்டுவாருங்கள். சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும், கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பெயர் ஒன்று. பிள்ளைமடுவத்திலும் டிஸ்பென்சரியிலும் வேலை செய்பவர்களின் பெயர் மற்றது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் கடைசி நாளில் விண்ணப்பம் திரும்பி வரும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கே அப்படி நடந்திருக்கிறது.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பயிற்சி நிலையத்துக்கு நானே உங்களோடு வருகிறேன். நகையை அடகு வைக்க நினைக்கும் அம்மா யாராவது உங்கள் லயத்தில் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் என்னிடம் அனுப்பி வையுங்கள்.