வெட்கப்பட்டு நேரத்தை இழக்க வேண்டாம்

(எமது கல்லூரியின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, பழைய மாணவிகள் சங்கத்தின் ஏற்பாட்டில் உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எயிட்ஸ் பற்றிய பேச்சு என்று அறிவித்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. பரவாயில்லை. நாங்கள் இங்கே படித்த காலத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்தால் சிரிக்கவும் பயந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். சென்ற வாரம் உங்கள் வகுப்புகளில் ஒரு பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைப் போடச் சொன்னோம். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

'ஆளைப் பார்த்தால் தெரியுமா?' என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ். நோயெதிர்ப்பை வழிநடத்தும் ஒருவகை வெண்குருதிக் கலங்களை அது மெதுவாக அழிக்கிறது. சிகிச்சை இல்லாமல் பல ஆண்டுகள் சென்று, உடல் மற்றைய நோய்களை எதிர்க்கமுடியாமற் போகும் நிலையே எயிட்ஸ். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் எங்களைப் போலவே நல்ல சுகத்தோடு நடமாடுவார். பரிசோதனை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

'நுளம்பு கடித்தால் வருமா?' டெங்குவைக் கண்ட ஊரில் இது நியாயமான கேள்வி. டெங்கு வைரஸ் நுளம்பின் உடலில் பெருகி அதன் உமிழ்நீரோடு எங்களுக்குள் வருகிறது. எச்.ஐ.வி. நுளம்பின் உடலில் பெருகாது, அங்கே அழிந்துபோகும். ஒரே தண்ணீர்ப் போத்தலில் குடிப்பது, கட்டியணைப்பது, இருமல், வியர்வை, கண்ணீர், மலசலகூடம், நீச்சல் தடாகம் எதனாலும் இது தொற்றாது.

தொற்றும் வழிகள் மூன்று. முதலாவது, தொற்றுள்ளவருடன் பாதுகாப்பற்ற உடலுறவு. உலகில் பெரும்பாலான தொற்றுகள் இவ்வழியாகவே ஏற்படுகின்றன. இரண்டாவது, குருதி. ஒரே ஊசியால் பலர் போதைப்பொருள் ஏற்றுவதும், கிருமியழிக்காத ஊசியால் பச்சை குத்துவதும் ஆபத்து. இரத்தவங்கியில் தானமாகப் பெறும் குருதி பரிசோதிக்கப்படுகிறது. மூன்றாவது, கர்ப்பகாலத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ தாயிடமிருந்து பிள்ளைக்கு.

இந்த மூன்றாவது வழியை எங்கள் நாடு அடைத்துவிட்டது. சிகிச்சை இல்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். கர்ப்பிணிகளைக் கிளினிக்கில் பரிசோதித்து, தேவையானவர்களுக்கு மருந்து கொடுத்ததால், தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. காலத்தோடு பரிசோதித்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'ஒரே ஒரு தடவை என்றாலும் வருமா?' இந்தத் துண்டை எழுதிய கை நடுங்கியிருக்கலாம். பதில்: வரலாம். ஒவ்வொரு தடவையும் வரும் என்றில்லை, ஆனால் ஒரு தடவையே போதுமானதாகவும் இருக்கலாம். இளம்பெண்களின் யோனிப் படை முழு முதிர்ச்சி அடையாததால் ஆபத்து சற்றுக் கூட. படிக்கும் வயதில் உடலுறவைத் தள்ளிப்போடுவதே உறுதியான பாதுகாப்பு. பிற்காலத்துக்கு இன்னொன்றையும் அறிந்துவையுங்கள்: ஆணுறையை ஒவ்வொரு தடவையும் சரியாகப் பயன்படுத்தினால் ஆபத்து பெருமளவு குறைகிறது. உங்களைவிட வயதில் மூத்தவர் ஒருவர், 'என்னை நம்பமாட்டாயா?' என்று கேட்டு உங்களை இணங்கவைக்கப் பார்த்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எங்கள் சட்டத்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சம்மதமே அல்ல.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். விருப்பத்துக்கு மாறாக ஏதாவது நடந்துவிட்டால், அது உங்கள் பிழை அல்ல. ஆனால் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கி, 28 நாட்கள் எடுக்கவேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அம்மாவிடமோ சின்னம்மாவிடமோ ஆசிரியரிடமோ, நம்பக்கூடிய ஒருவரிடம் உடனே சொல்லி, அரசாங்க வைத்தியசாலைக்கு வாருங்கள். ஒருவரும் கிடைக்காவிட்டால் சிறுவர் உதவித் தொலைபேசி 1929, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. 'யாரிடம் சொல்வது?' என்று அழுதே மூன்று நாட்கள் கழிந்துவிட்டால், அந்த மருந்தால் பயனில்லை.

'வந்தால் சாவுதானே?' முன்பு அப்படித்தான். 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபின் நிலைமை மாறியது. முற்றாகக் குணமாகாது. ஆனால் வேளைக்குத் தொடங்கி, நாளாந்தம் மருந்து எடுப்பவர் படிக்கலாம், தொழில் செய்யலாம், மணம் முடிக்கலாம், முதுமை வரை வாழலாம். பரிசோதனையில் தென்படாத அளவுக்கு வைரஸ் குறைந்து, அந்நிலையிலேயே இருந்தால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பரிசோதனையும் மருந்தும் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் இலவசம். விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். தொற்றிய முதற் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமலும் விடலாம் என்பதால், எப்போது மீண்டும் பரிசோதிக்கவேண்டும் என்று அங்கே சொல்வார்கள்.

கடைசித் துண்டு: 'எங்கள் வகுப்பில் ஒருவருக்கு இருந்தால்?' 2016 இல் எங்கள் நாட்டில், தந்தை எயிட்ஸால் இறந்தார் என்ற வதந்தியால் ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குப் பாடசாலை கிடைக்காமற் போனது. மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவே இல்லை. இறுதியில் கண்டியிலுள்ள கல்லூரி ஒன்று அவனை ஏற்றுக்கொண்டது. இருந்திருந்தாலும் பக்கத்தில் இருந்து படிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகியிராது. அந்தப் பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்தவர், தனக்குச் சந்தேகம் வந்தால் பரிசோதனைக்குப் போவாரா? நாங்கள் ஒருவரை ஒதுக்கும்போது இன்னும் பலரைக் கிளினிக் வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் மருந்தில்லாமல் இருக்கும் காலத்தில்தான் தொற்று பரவுகிறது.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. மகள் இதுபற்றிக் கேட்டால், 'இந்த வயதில் உனக்கேன் இது?' என்று வாயை அடைக்காதீர்கள். இன்று சாதாரணமாகக் கேட்டுப் பதில் பெற்ற பிள்ளைதான், ஆபத்து வரும் நாளில் உங்களிடம் முதலில் ஓடிவருவாள்.

தங்கைமாரே, பெட்டி இன்னும் ஒரு மாதம் நூலகத்தில் இருக்கும். பெயர் தேவையில்லை. ஆனால் இப்போதே கைதூக்கிக் கேட்க விரும்புவோர் கேட்கலாம்.