ஆற அமர உண்ணல்

(தருமபுரியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



போஜன வேளை நெருங்கியிருக்கையில் போஜனத்தைப் பற்றியே பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். ஆகையால் பேச்சைச் சுருக்கிக்கொள்வேன். உண்ணும் நேரத்தை மட்டும் தாங்கள் சுருக்க வேண்டாமென்று பிரார்த்திக்கிறேன்.

தருமபுரிச் சீமையில் கேழ்வரகுக் களியே நம் முன்னோர்க்கு ஆதாரம். நொய் வெந்த கொதிநீரில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டி உருட்டிய களியைக் கீரைக் கடைசலிலோ கொள்ளுக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதே வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டும். விழுங்கினால் வழுக்கி இறங்கும். என் பாட்டனார் இரண்டு உருண்டைகளைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஏற்றம் இறைக்கப் போவார். அந்த வேகம் அவரை ஒன்றும் செய்யவில்லை. உண்டதனைத்தையும் பொழுது சாய்வதற்குள் உழைத்துத் தீர்த்துவிடுவார். அடியேன் அவருடைய வேகத்தைச் சுதந்தரித்தேனேயன்றி ஏற்றத்தைச் சுதந்தரிக்கவில்லை. களி போய் அரிசிச் சாதம் வந்தது. வயல் போய்க் கடை நாற்காலி வந்தது. விழுங்கும் பழக்கம் மாத்திரம் நின்றுவிட்டது. அதன் பயன், 48-ஆம் வயதில் 92 கிலோ எடையும், முழங்கால் நோவும், நீரிழிவு மாத்திரையும்.

இது என் ஒருவன் கதையன்று. 2021-ல் நம் தேசத்தில் நீரிழிவுடையோர் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

வயிறு நிறைந்த செய்தியை மூளைக்கு அறிவிக்கும் வேலையில் குடலில் சுரக்கும் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்குண்டு. அச்செய்தி போய்ச் சேரச் சுமார் இருபது நிமிஷம் ஆகுமென்பர். அதற்குள் நாம் மூன்றாம் முறை சாதம் வாங்கியிருப்போம்! கிரேக்க தேசத்து வைத்தியர்கள் 2010-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், 17 ஆடவர்க்கு ஒரே அளவு ஐஸ்கிரீமை ஒரு நாள் ஐந்து நிமிஷத்திலும் மற்றொரு நாள் அரை மணியிலும் உண்ணக் கொடுத்தனர். மெல்ல உண்ட நாளில் அந்த ஹார்மோன்கள் அதிகமாகச் சுரந்தன. ஜப்பானில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 60,000 பேரை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டதில், மெல்ல உண்போரிடையே உடற்பருமன் குறைவாகக் காணப்பட்டது. மெல்ல உண்டதனாலேயே இளைத்தார்களென்று இதைக்கொண்டு சாதிக்க முடியாது; எனினும் தள்ளத்தக்க செய்தியன்று.

அமெரிக்காவில் ஹோரேஸ் பிளெச்சர் (1849–1919) என்பவர் பாலைக்கூட மென்றே குடிக்க வேண்டுமென்று ஊரூராய்ப் பிரசாரம் செய்தார். அவ்வளவு தூரம் போக வேண்டுவதில்லை. நான் செய்வதெல்லாம், களியைச் சிறு சிறு விள்ளலாக எடுப்பது, கீரையையும் காயையும் நன்றாக மெல்லுவது, வாயிலிருப்பது இறங்கும்வரை அடுத்த கவளத்தைப் பிசையாதிருப்பது, கைப்பேசியை மறு அறையில் வைப்பது இவ்வளவே. சாதத்தையும் ஒரு கரண்டி குறைத்தேன்; மாலையில் நடக்கிறேன். ஒன்பது மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. மாத்திரையை நானாக நிறுத்தவில்லை; தாங்களும் வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

நம் பெண்மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வதைப் பொறுமையென்று புகழ்கிறோம். அவர்களை உட்கார்த்திப் பரிமாறுவதற்கு நமக்குக் கையில்லையா?

கடைசியாக, நமது கல்யாணப் பந்திகள். உண்பவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றால், எந்த மனிதன் ஆற அமர உண்பான்? பாயசத்தைக் குடித்தோமென்று பேர்பண்ணி எழுந்து ஓடுகிறோம். ஆகையால் நம் சங்கக் கல்யாண மண்டபத்தில் காத்திருப்போர்க்கு வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சு போட வேண்டும். ஒரு பந்தி எழுந்து இலை எடுத்தபின்னரே மறு பந்தியை உள்ளே விட வேண்டும். கேளாமல் இரண்டாம் முறை சாதம் போடலாகாது. இதனை ஒரு தீர்மானமாகச் சபைமுன் வைக்கிறேன். பெஞ்சுகளில் இரண்டுக்கு உரிய செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இலை போட்டாயிற்றென்று ஜாடை காட்டுகிறார்கள். இன்றைய பந்தியில் என் பின்னால் யாரும் நிற்கவேண்டாமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.