வாரக் கணக்கும் வழக்கும்

தாயின் உயிரைக் காப்பதற்கு அல்லாமல் கருவைக் கலைத்தால் சிறை என்றது 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் 20 வாரம் வரை மருத்துவர் கலைக்க வழிவிட்டது. கருத்தடை தவறி உண்டான கருவுக்கும் அதில் இடம் இருந்தது. ஆனால் மணமானவருக்கு மட்டும். 2021இல் வந்த திருத்தம் ‘கணவர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுத் ‘துணைவர்’ என்று போட்டது. சில பிரிவினருக்கு வரம்பு 24 வாரமானது.

அந்தப் பிரிவினர் யார் யார் என்பதைத் தெளிவாக்கிய வழக்கைச் சற்று நின்று கேட்பது தகும். 2022இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 25 வயதுப் பெண் ஒருவர் போனார். உழவர் வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். வேலை இல்லை. கட்டிக்கொள்வதாக இருந்தவர் கைவிட்டுவிட்டார். கரு 20 வாரத்தைத் தாண்டிவிட்டது. கணவரை இழந்தவருக்கும் மணமுறிவு பெற்றவருக்கும் விதியில் இடம் உண்டு, மணமாகாதவருக்கு இல்லை என்று அந்த நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில், மருத்துவக் குழு ஆபத்தில்லை என்றால் கலைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. செப்டம்பர் 29இல் வந்த தீர்ப்பு, தாலி கட்டிக்கொண்டவர், கட்டிக்கொள்ளாதவர் என்ற பேதத்தையே இந்தச் சட்டத்திலிருந்து நீக்கியது. கணவரின் வல்லுறவால் உண்டான கருவும் வன்புணர்வால் உண்டானதாகவே கொள்ளப்படும் என்றது. 18 வயது நிரம்பாத பெண் வந்தால் மருத்துவர், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் தந்தாக வேண்டும். ஆனால் அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் எழுத வேண்டியதில்லை. ஊரில் பேர் அடிபடுமே என்று பயந்து கைமருந்து தேடும் சிறுமிகளுக்கு அது உயிர்காக்கும் வரி.

சட்டம் இவ்வளவு இடம் தந்தும், அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் ஊர்களில் பறிபோவது பெரும்பாலும் நாள்தான். நாள் தள்ளிப்போனதைச் சூடு என்று விட்டுவிட்டு, பருத்தியெடுப்பு முடியட்டும், தறிக் கூலி வரட்டும் என்று இருந்தால் வாரங்கள் ஓடிவிடும். மருத்துவர் எண்ணுவதும் கரு தங்கிய நாளிலிருந்து அல்ல, கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து. நினைத்ததைவிட இரண்டு வாரம் கூடவே வரும்.

18 நிரம்பியவருக்கு அவருடைய கையெழுத்தே போதும். “வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கம்மா” என்று சில இடங்களில் திருப்பி அனுப்புவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் கரு 20 வாரத்துக்குள் இருந்தால், அவரைக் கோர்ட்டுக்கு அலையவிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது.

24 வாரம் கடந்தால், கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிய வேண்டும், அல்லது தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் வாசல். அங்கே போனாலும் உறுதியில்லை: 26 வாரக் கருவோடு வந்த, இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அனுமதி மறுத்தது.